கோகைன் ஓட்டமும் இஆர்கே நொதியும்: சுண்டெலியில் அளக்கும் முறை

கோகைன் கொடுத்த சுண்டெலி ஓடும். அதை அளக்கக் கேமரா போதும். அந்த ஓட்டத்தில் இஆர்கே (ERK) என்ற, நரம்பணுவுக்குள் செய்தி கடத்தும் நொதிக்குப் பங்கு உண்டா என்று கேட்கும்போதுதான் வேலை கடினமாகிறது. நடத்தைக்கு ஒரு கடிகாரம், நொதிக்கு வேறொரு கடிகாரம்.

டோபமைன் என்ற நரம்புச் செய்தி வேதிப்பொருளை நரம்பணு மீண்டும் உள்ளிழுப்பதைக் கோகைன் தடுக்கிறது. ஸ்ட்ரையேட்டம் என்ற மூளைப் பகுதியில் டோபமைனின் டி1 ஏற்பி தூண்டப்பட்டு, செல்லுக்குள் செய்தி சொல்லும் சைக்ளிக் ஏஎம்பி பெருகி, புரோட்டீன் கைனேஸ் ஏ என்ற நொதி விழிக்கிறது. அது டார்ப்-32 புரதத்தின் 34ஆவது இடத்திலுள்ள திரியோனின் அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டை ஏற்றும். அப்படி ஏறிய டார்ப்-32, பாஸ்பேட்டை அகற்றும் பிபி1 நொதியை அடக்குவதால் இஆர்கே விழித்த நிலையிலேயே நீடிக்கிறது. என்எம்டிஏ ஏற்பி வழியாகக் குளூட்டமேட் என்ற இன்னொரு நரம்புச் செய்தியும் சேர்ந்து வந்தால்தான் இஆர்கே நன்றாக எழும்.

இந்தியாவில் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கோகைனுக்கான அனுமதியும் கையில் இருந்தால்தான் தொடங்கலாம்.

சி57பிஎல்/6 என்ற ஆய்வகச் சுண்டெலி இனம் நல்லது. இஆர்கேயைத் தடுக்கும் மருந்து (தடுப்பான்), அதைக் கரைக்கும் திரவம் மட்டும் (கரைப்பான்), கோகைன், அதற்கு ஈடாக வெறும் உப்புநீர் (சலைன்) என்று வைத்து நான்கு குழுக்கள் வேண்டும்: கரைப்பானும் சலைனும், தடுப்பானும் சலைனும், கரைப்பானும் கோகைனும், தடுப்பானும் கோகைனும். இரண்டாவது குழுவைச் சேமிப்புக்காக விட்டுவிடுபவர்கள் உண்டு. தடுப்பான் தனியாகவே எலியைச் சோம்பலாக்கியதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

முதல் 3 நாள் சலைன் ஊசி மட்டும். பிடிப்பதும் குத்துவதுமே எலியை ஓடவைக்கும் என்பதால் அது பழக வேண்டும். பிறகு 5 நாள் தினமும் ஒரே நேரத்தில், ஒரே பெட்டியில், கிலோ எடைக்கு 15 மி.கி. கோகைன் வயிற்றறைக்குள். கிலோவுக்கு 10 மி.லி. என்ற கணக்கில் கரைசல் தயாரித்தால், 25 கிராம் எலிக்கு 0.25 மி.லி. எழுதும் எடை ஹைட்ரோகுளோரைடு உப்பினுடையதா, காரத்தினுடையதா என்று குறித்து வையுங்கள்; உப்பில் கோகைன் ஏறத்தாழ 89 சதவீதம்தான். 7 நாள் இடைவெளி விட்டு மறுபடி ஒரு கோகைன் ஊசி. கோகைன் கொடுத்த முதல் நாளைவிட அன்று ஓட்டம் கூடினால் அதுதான் சென்சிடைசேஷன், அதாவது மருந்துக்கு உணர்வு கூடுதல். பெட்டியை மாற்றினால் இது மங்கும்; பாதி நினைவு இடத்தோடு ஒட்டியது.

இஆர்கேயைத் தடுக்க, அதை எழுப்பும், அதற்கு மேலே நிற்கும் மெக் நொதியை எஸ்எல்327 என்ற தடுப்பான் கொண்டு அடக்கலாம். அது மூளைக்குள் போகும். கிலோவுக்கு 30 மி.கி., கோகைனுக்கு 60 நிமிடம் முன். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் இல்லாமல் கரையாது. டிஎம்எஸ்ஓவும் எலியை மந்தமாக்கக்கூடியது, ஆகவே கரைப்பான் குழுவுக்கும் அதே அளவு போக வேண்டும். முதல் நாள் ஓட்டம் குறையவில்லையே என்று சோர வேண்டாம். பார்க்க வேண்டியது இடைவெளிக்குப் பிந்தைய இறுதி ஊசி நாளை.

ஓட்டத்தை 60 நிமிடத்துக்கு, 5 நிமிடத் துண்டுகளாகப் பதியுங்கள். மொத்தத் தூரம் மட்டும் ஏமாற்றும். கோகைன் அளவு அதிகமானால் எலி ஓடாமல் ஒரே இடத்தில் தலையை ஆட்டி முகர்ந்துகொண்டிருக்கும். எண் குறையும், விளைவோ கூடியிருக்கும். வீடியோவைக் கண்ணால் பாருங்கள்.

இஆர்கேயை அளக்க மூளைத் திசு வேண்டும்; அதற்குத் தனி எலிகள். ஓட்டம் முடியும்வரை காத்திருந்தால் இஆர்கே அடங்கிவிடும். ஊசி போட்ட 10ஆவது நிமிடத்தில் எடுக்க வேண்டும். பாஸ்பேட்டை அகற்றும் நொதிகளான பாஸ்பேட்டேஸ்கள் எலி இறந்த பிறகும் நிற்பதில்லை. தலையை உடனே திரவ நைட்ரஜனில் 12 விநாடி வைத்து, உறைநிலையிலேயே மூளையை வெட்டி ஸ்ட்ரையேட்டத்தைக் குத்தி எடுங்கள். ஐஸ் மேல் வைத்து நிதானமாகப் பிரித்தால் எல்லாக் குழுவும் ஒரே மாதிரி மங்கலாக வரும். இந்தச் சோதனை தோற்பது பெரும்பாலும் இங்கேதான்.

திசுவைக் கொதிக்கும் 1 சதவீத எஸ்டிஎஸ் (புரதங்களைக் குலைக்கும் சோப்புப் பொருள்) கரைசலில் நேராகப் போடுங்கள். புரதங்களைப் பிரித்து ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில், பாஸ்பேட் ஏறிய (அதாவது விழித்த) இஆர்கேயை மொத்த இஆர்கேயால் வகுத்துக் காட்டுங்கள். ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாதபடி பிளாட்டை மறைக்கப் பால்பொடி வேண்டாம், அதிலுள்ள கேசின் புரதத்திலேயே பாஸ்பேட் நிறைய, பிஎஸ்ஏ (மாட்டு ரத்த ஆல்புமின்) போதும். சலைன் குழுவிலும் பட்டை அழுத்தமாக வந்தால் ஆன்டிபாடியைக் குறை சொல்லுமுன், அந்த எலிகளைக் கொல்லும் அறைக்கு எப்படிக் கொண்டுபோனீர்கள் என்று பாருங்கள். கூண்டு குலுங்கிய பயமே இஆர்கேயை எழுப்பிவிடும்.