கேமரா படிப்பது நம்பர் பிளேட்டை: இ-சலான் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிக்னல் கம்பத்தில் கேமராவைக் கண்டதும் பெட்ரோல் டேங்கின் மேல் இருக்கும் ஹெல்மெட்டை அவசரமாகத் தலையில் கவிழ்ப்பவர்களைச் சென்னையில் எந்தச் சந்திப்பிலும் பார்க்கலாம். சிலர் முகத்தைக் கூடத் திருப்பிக்கொள்கிறார்கள். முகத்தை வைத்து கேமரா யாருக்கும் அபராதம் எழுதுவதில்லை. அது பதிவெண்ணைப் படிக்கிறது. அந்த எண்ணை வைத்து 'வாகன்' என்ற வாகனப் பதிவுத் தரவுத்தளத்தில் உரிமையாளரின் பெயர், முகவரி, கைப்பேசி எண் ஆகியவை எடுக்கப்பட்டு, அவர் பெயருக்கு இ-சலான், அதாவது மின்னணு அபராதச் சீட்டு, போகிறது. அந்த நேரத்தில் வண்டியில் இருந்தது அவரா, அவர் மைத்துனரா, ஆறு மாதம் முன்பு அதை வாங்கியவரா என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. ஆளுக்கும் எண்ணுக்கும் இடையில் இருக்கும் இந்த இடைவெளியில்தான் நம்முடைய தவறுகளில் பெரும்பாலானவை நடக்கின்றன.

விற்ற வண்டி, விடாத பெயர்

இவற்றில் விலை அதிகமான தவறு, வண்டியை விற்றுவிட்டுப் பெயர் மாற்றத்தை 'வாங்கியவர் பார்த்துக்கொள்வார்' என்று விடுவது. பழைய வண்டிச் சந்தையில் இது அன்றாடம் நடக்கிறது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் தேதி போடாமல் கையெழுத்து வாங்கிக்கொள்வார் இடைத்தரகர். வண்டி அவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும், அவரிடமிருந்து வேறொருவருக்குப் போகும். அதே படிவங்கள் வண்டியோடு கைமாறிக்கொண்டே இருக்கும். பதிவேட்டில் மட்டும் முதல் ஆளின் பெயர் அசையாமல் நிற்கும். திருவள்ளூரில் யாரோ மூன்று பேராகப் போனதற்கு மயிலாப்பூரில் ஓய்வூதியர் ஒருவரின் கைப்பேசி சிணுங்கும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. அதே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். விற்றவரின் கடமை தனி, வாங்கியவரின் கடமை தனி. முதலாவதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. அபராதத்தோடு போனால்கூடப் பரவாயில்லை. விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில் 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, வண்டி அடுத்தடுத்துப் பலரிடம் கைமாறியிருந்தாலும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் என்றது. ஐந்நூறு ரூபாய் சலானுக்குப் புலம்புகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பெயர் சரியாக இருந்து கைப்பேசி எண் பழையதாக இருப்பதும் இதன் தம்பிதான். எண்ணை மாற்றிப் பல வருடம் ஆகியிருக்கும், பதிவில் இருப்பது வண்டி வாங்கியபோது ஷோரூம்காரர் தன் வசதிக்காகப் போட்ட எண்ணாக இருக்கும். குறுஞ்செய்தி யாருக்கோ போகும். வண்டியை விற்கவோ தகுதிச் சான்று புதுப்பிக்கவோ போகும்போது மொத்த நிலுவையும் ஒரே நாளில் முன்னால் வந்து நிற்கும். மத்திய அரசின் வாகனச் சேவைத் தளமான பரிவாகனில் எண்ணைத் திருத்திக்கொள்ளலாம்.

'கட்டிவிட்டால் முடிந்தது'

தொகை சிறியதாக இருந்தால் படத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் கட்டிவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. சலானைக் கட்டுவது என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டு சமரசத் தொகை செலுத்துவது. மறுமுறை அதே குற்றம் வந்தால் தொகை அதே அளவில் இருக்காது. தமிழ்நாடு அரசு 2022 அக்டோபரில் வெளியிட்ட ஆணைப்படி சிக்னலை மீறினால் முதல்முறை 500 ரூபாய், அடுத்த முறை 1,500. ஓட்டிக்கொண்டே கைப்பேசியில் பேசினால் முதல்முறை 1,000, மறுமுறை 10,000. ஓட்டியவர் வேறொருவர் என்றால் முதல் சலானிலேயே அதைச் சொல்லிவிடுவது நல்லது. ஓட்டியவரின் பெயர், முகவரி, உரிம விவரம் ஆகியவற்றைக் காவல்துறை கேட்டால் தர வேண்டியது உரிமையாளரின் கடமை என்கிறது 133-ஆவது பிரிவு. தம்பியைக் காட்டிக் கொடுப்பதா என்று தயங்குகிறவர்கள் அந்தத் தயக்கத்துக்கான விலையையும் தாங்களே கொடுக்க வேண்டியிருக்கும்.

வீட்டில் பதினேழு வயதுப் பையன் இருந்தால் கணக்கே வேறு. பக்கத்துக் கடைக்குத்தானே என்று சாவியைக் கொடுத்து, படத்தில் அவன் முகம் தெரிந்துவிட்டால், 2019-இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவு வருகிறது. குற்றவாளியாகக் கருதப்படுவது பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளர். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், பன்னிரண்டு மாதத்துக்குப் பதிவு ரத்து. பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. தனக்குத் தெரியாமல் நடந்தது, தடுக்க உரிய கவனம் எடுத்திருந்தேன் என்று நிரூபித்தால் தப்பிக்க வழி உண்டு. சாவி வாசல் ஆணியில் தொங்கும் வீட்டில் அதை நிரூபிப்பது எளிதல்ல.

எண்ணை மறைக்கும் வித்தைகள்

பிளேட்டின் மேல் முகக்கவசத்தைத் தொங்கவிடுவது, கடைசி எண்ணின் மேல் பின்னால் இருப்பவர் காலை வைத்துக்கொள்வது, பிளேட்டையே மேல்நோக்கி வளைத்துவிடுவது, 4-ஐத் தலைவர் கையெழுத்து போல எழுதுவது. இவையெல்லாம் அபராதத்திலிருந்து காப்பாற்றும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரே பதில்: குறைபாடுள்ள நம்பர் பிளேட்டே தனிக் குற்றம், அதுவும் 500 ரூபாயில் தொடங்குகிறது. கேமராவிடம் தப்பினாலும் அடுத்த சந்திப்பில் நிற்கும் போக்குவரத்துக் காவலரின் கண்ணில் இது முதலில் படும். 2019 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். அதைக் கழற்றிவிட்டு அலங்கார பிளேட் மாட்டுவது, காசு கொடுத்துத் தேடிக்கொள்ளும் வம்பு.

வாட்ஸ்அப்பில் வரும் சலான்

இங்கே இழப்பு ஐந்நூறு ரூபாயோடு நிற்பதில்லை. அசோகச் சக்கரத்தை முகப்புப் படமாக வைத்த ஏதோ ஒரு எண்ணிலிருந்து செய்தி வரும். உங்கள் வண்டி எண்ணும் சரியாகவே இருக்கும். 'படத்தைப் பார்க்க இந்தச் செயலியை நிறுவவும்' என்று ஒரு ஏபிகே கோப்பு இணைந்திருக்கும். நிறுவினால் அது முதலில் கேட்பது குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதி. அதைக் கொடுத்த பிறகு வங்கியிலிருந்து வரும் ஓடிபி உங்களுக்கு வருவதற்கு முன் அவர்களுக்குப் போய்விடும்.

எந்தப் போக்குவரத்துக் காவல்துறையும் சலானை ஏபிகே கோப்பாக அனுப்புவதில்லை. வந்த இணைப்பைத் தொடாமல், இ-சலான் பரிவாகன் தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து திறந்து, வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். முகவரி 'ஜிஓவி.இன்' என்று முடிய வேண்டும். நடுவில் எங்கோ 'பரிவாகன்' என்று இருந்து கடைசியில் வேறு ஏதாவது இருந்தால் அது போலி. பணம் போய்விட்டிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு இருக்கிறது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு இங்கே இடமில்லை.

படம் தவறாக இருந்தால்

போலியும் இல்லை, குற்றமும் உங்களுடையது இல்லை என்ற மூன்றாவது நிலையும் உண்டு. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உங்களுடையது சிவப்பு ஸ்கூட்டர், படத்தில் இருப்பது கறுப்பு மோட்டார் சைக்கிள் என்றால், இயந்திரம் ஓர் எழுத்தைப் பிழையாகப் படித்திருக்கலாம், அல்லது உங்கள் எண்ணை வேறு யாரோ மாட்டிக்கொண்டு திரியலாம். முதலாவது தொல்லை, இரண்டாவது ஆபத்து. இரண்டாவதென்று சந்தேகம் வந்தால் சலானை ரத்து செய்யக் கோருவதோடு நிறுத்தாமல் காவல் நிலையத்தில் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுத்து ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளை அந்த வண்டி சங்கிலிப் பறிப்பில் சிக்கினால் அந்த ரசீதுதான் உங்களுக்குத் துணை.

கேமராவுக்கும் விதி உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ சேர்க்கப்பட்டது. கேமராவுக்கு மாநில அரசு நியமித்த அதிகாரியின் ஒப்புதல் சான்று இருக்க வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கண்காணிக்கப்படும் சாலைப் பகுதிக்கு முன்பாக எச்சரிக்கைப் பலகை தெளிவாகத் தெரிய வேண்டும். குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்பப்பட வேண்டும். குற்றமும் எண்ணும் தெரியும் படம், தேதி, நேரம், இடம், மீறப்பட்ட சட்டப் பிரிவு, கருவி அளந்த அளவு ஆகியவை அதில் இருக்க வேண்டும். சலான் முடியும் வரை பதிவை அழிக்கக் கூடாது. இவற்றில் ஏதாவது குறைந்தால் பணம் கட்டாமல் முறைப்படி மறுப்புத் தெரிவிக்கலாம். நோட்டீசைக் குப்பையில் போட்டுவிட்டு 'நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்கிறேன்' என்று திண்ணையில் பேசுவது மறுப்பு ஆகாது.

இன்னொன்று, என் பார்வையில் இந்தச் சட்டத்திலேயே மிகவும் நியாயமான பகுதி: 210பி பிரிவின்படி, சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரியே அதை மீறினால் தண்டனை இரு மடங்கு. ஹெல்மெட் இல்லாமல் போகும் காவலரைப் படம் பிடித்து அனுப்புகிறவர்கள் அந்தப் பிரிவையும் சேர்த்து எழுதினால் புகாருக்கு எடை கூடும். கேமரா கண்காணிப்பைக் கட்டாயமாக்கும் 136ஏ பிரிவை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் வலியுறுத்தியது, கோவை எலும்பு சிகிச்சை மருத்துவர் ராஜசேகரன் 2012-இல் தொடர்ந்த பொதுநல வழக்கில். விபத்தில் நொறுங்கி வந்தவர்களை மேசையில் பார்த்த ஒருவர் தொடுத்த வழக்கு அது.

வேகத்தைப் பற்றி ஒன்றுதான் சொல்ல வேண்டும். சென்னையில் 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட வரம்பு இருசக்கர வாகனத்துக்கு மணிக்கு 50 கிலோமீட்டர், காருக்கு 60, ஆட்டோவுக்கு 40. குடியிருப்புப் பகுதியில் எல்லோருக்கும் 30. கடைசி எண்ணைக் கேட்டால் தெருவில் பலர் சிரிப்பார்கள். வாளையாறு தாண்டுகிறவர்கள் கூடுதல் கவனத்தோடு போகட்டும்: கேரளம் 2023 ஜூன் முதல் 726 கேமராக்களை வைத்து அபராதம் போடுகிறது, குருவாயூருக்குப் போய்வந்த காரில் சீட் பெல்ட் போடாததற்கான நோட்டீஸ் வீட்டுக்கு வந்து சேரும்.

சைக்கிளுக்கு எண் இல்லை என்பதால்

வாகன ஓட்டிகள் அடிக்கடி எழுப்பும் கேள்வி இது: சைக்கிள்காரர் சிவப்பு விளக்கில் போகிறார், எதிர்த்திசையில் வருகிறார், அவரை ஏன் கேமரா பிடிப்பதில்லை? சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல, பதிவெண் இல்லை, எனவே கேமராவுக்கு அவர் இல்லாதவர். சைக்கிளுக்கும் நம்பர் பிளேட் மாட்டச் சொல்வது சிலரின் தீர்வு. அரசின் விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குப் போகும் பிளஸ் 1 மாணவியையும், விடியற்காலையில் பால் பாக்கெட் போடுகிறவரையும் ஆர்.டி.ஓ. அலுவலக வரிசையில் நிறுத்துவதால் எந்தச் சாலையும் பாதுகாப்பாகிவிடாது. இயந்திரமில்லா வாகனங்களுக்கும் பாதசாரிகளுக்கும் விதிகள் வகுக்க 138-ஆவது பிரிவில் 2019-இல் சேர்க்கப்பட்ட உட்பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. செய்ய வேண்டியது அந்த வழியில் இருக்கிறது.

அதற்காக சைக்கிள்காரர் செய்வதெல்லாம் சரி என்று ஆகிவிடாது. பழைய மகாபலிபுரம் சாலையில் எதிர்த்திசையில் வருகிறவர்களுக்குக் காரணம் இருக்கிறது, திரும்பும் இடம் வெகு தொலைவில் இருக்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். நீங்கள் 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், ஒரு பைக் 50-இல் வருகிறது. ஒரே திசை என்றால் இடிக்கும் வேகம் 35, எதிர்த்திசை என்றால் 65. அந்தக் கொஞ்ச தூரத்தைச் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகலாம். இரவில் விளக்கில்லாமல் ஓட்டுவது இன்னொன்று. ஒரு காலத்தில் டைனமோ விளக்கு எரியாத சைக்கிளைப் போலீஸ் நிறுத்திக் காற்றைப் பிடுங்கிவிடும். அந்தப் பயம் போனபோது விளக்கும் போய்விட்டது. பின்பக்கம் ஒரு சிவப்பு ஒளிர்ப்பட்டையாவது ஒட்டிக்கொள்ளுங்கள்.

மின்சார சைக்கிள் வாங்குகிறவர்கள் கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. மோட்டார் திறன் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டிருந்தால்தான் பதிவும் உரிமமும் தேவையில்லை. 'ஒயரை மாற்றிக் கொடுத்தால் 45 போகும்' என்று விற்பனையாளர் கண்சிமிட்டினால், அவர் உங்களுக்கு விற்பது பதிவு செய்யப்படாத, காப்பீடு இல்லாத மோட்டார் வாகனம். அதை ஓட்டும் பள்ளிப் பையன் யார்மீதாவது மோதினால் மேலே சொன்ன 199ஏ கதவைத் தட்டும்.

கார்க்காரர்கள் சைக்கிள்காரருக்குச் செய்யும் தவறுகளில் எந்தக் கேமராவும் பிடிக்காதது, பார்க்காமல் கதவைத் திறப்பது. நம் ஊரில் சைக்கிள் இடது ஓரம்தான் போகும், இறங்குகிறவரும் இடது கதவைத்தான் திறப்பார். இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர் வலது கையால் கதவைத் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருகிற சைக்கிள் கண்ணில் படும். ஓட்டுநர் தன் பக்கக் கதவை இடது கையால் திறக்க வேண்டும்.