தூரைக் குனிந்து பார்க்காமல் மருந்து அடிக்காதீர்கள்

காற்றில் கரியமில வாயு கூடினால் பயிர் செழிக்கும், அது நமக்கு லாபம்தானே என்று பலர் நினைக்கிறார்கள். முதல் தவறு இதுதான். 1958-ல் ஹவாயின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 315 பங்கு இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. நெல் கூடுதலாகத் தூர் கட்டும், அதாவது பக்கத் தண்டுகள் விடும் என்பது உண்மை. ஆனால் டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் வாயுவை 570 பங்காக உயர்த்தி நெல் வளர்த்தபோது, அடித்தண்டில் சாறு உறிஞ்சும் பழுப்புத் தத்துப்பூச்சியான புகையான் அதிகமாக முட்டையிட்டது. மகசூல் இழப்பும் கூடியது. தூர் நெருங்கி, அடியில் நிழலும் ஈரமும் தங்கினால் புகையானுக்கு வேறென்ன வேண்டும்?

எல்லாப் பூச்சிகளையும் ஒரே கணக்கில் சேர்ப்பதும் தவறு. வாயு கூடும்போது இலையில் மாவுச்சத்து ஏறி, தழைச்சத்தின் விகிதம் குறைகிறது. இலை தின்னும் புழு தனக்கு வேண்டிய புரதத்துக்காகக் கூடுதல் இலையைத் தின்கிறது; சில புழுக்கள் மெதுவாகத்தான் வளர்கின்றன. புகையான் போன்ற சாறு உறிஞ்சிகளின் கதை வேறு.

இதில் எனக்கு மிகவும் கவலை தருவது யூரியா. இலை கொஞ்சம் வெளுத்தாலே ஒரு கை கூடுதலாக வீசிவிடுகிறோம். அந்தத் தழைச்சத்துதான் புகையானைப் பெருக்குகிறது. இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, தேவையான அளவை மட்டும் பல தவணையாகப் பிரித்துக் கொடுங்கள்.

அடுத்தது, எதிரியை மட்டும் எண்ணிவிட்டு நண்பனை எண்ணாமல் விடுவது. காலையில் வயலில் இறங்கி, ஒரு குத்தை, அதாவது ஒரே இடத்தில் நட்ட பயிர்க் கொத்தை, சாய்த்து அடித்தண்டில் உள்ளங்கையால் தட்டுங்கள். பழுப்பான புகையான் பூச்சிகள் தண்ணீரில் உதிரும். அவற்றைத் துரத்திக்கொண்டு ஒரு ஓநாய்ச் சிலந்தி நீர்மேலேயே ஓடும். பச்சை உடலில் கறுப்புக் குறி கொண்ட சின்ன மிரிட் நாவாய்ப்பூச்சியும் அங்கே இருக்கும். இலையுறைக்குள் புகையான் செருகிய முட்டைகளை உறிஞ்சுவது அதுதான். அதையே பயிரைக் கெடுக்கும் பூச்சி என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் உண்டு. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 புகையான் என்பது பொருளாதாரச் சேத நிலை, அதாவது மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டிய அளவு. குத்துக்கு 1 சிலந்தி இருந்தால் 2 வரை பொறுக்கலாம்.

செயற்கை பைரித்ராய்டு மருந்து அடித்தால் இந்த நண்பர்கள் முதலில் சாகிறார்கள், புகையான் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வருகிறது. இப்படிப் பட்டுத்தான் இந்தோனேசியா 1986-ல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது.

வாயு கூடினாலும் நன்மை செய்யும் பூச்சிகள் எப்படியாவது சமாளித்துக்கொள்ளும் என்று நம்பியிருப்பதும் சரியல்ல. புழுவுக்குள் வளர்ந்து அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகள் பல, கடிபட்ட செடி விடும் வாசனையைப் பிடித்துத்தான் புழுவைத் தேடிப் போகின்றன. வாயு கூடும்போது அந்த வாசனையும் மாறக்கூடும். சத்துக் குறைந்த புழுவுக்குள் வளரும் குளவியும் சிறுத்துப் போகலாம்.

ஆகவே நடவின்போதே 8 அடிக்கு 1 அடி பட்டம், அதாவது நடாத இடைவெளி விடுங்கள், காற்றும் வெயிலும் தூர்வரை இறங்கட்டும். சேத நிலையைத் தாண்டினால் மட்டும், தண்ணீரை வடித்துவிட்டு, அடித்தண்டில் படும்படி மருந்து அடியுங்கள்.