மணிக்கட்டு உயரமானியைச் சுழலாமல், நழுவாமல் கட்டும் முறை

சிங்கப்பூரில் பொதுமக்கள் வழக்கமாக விமானத்திலிருந்து குதிக்கும் தளம் இல்லை. ஆகவே நம்மில் பலர் செந்தோசாவில் உள்ள காற்றுச் சுரங்கத்தில், கீழிருந்து வீசும் காற்றில் மிதந்தபடி, விழும்போது உடலை வைத்துக்கொள்ளும் நிலையைப் பழகிக்கொண்டு, குதிப்பதற்குத் தாய்லாந்துக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ செல்கிறோம். இரு பயணங்களுக்கு இடையே, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று காட்டும் உயரமானி மாதக்கணக்கில் அலமாரியில், நம் ஊர் ஈரப்பதத்தில் கிடக்கிறது. அதைக் கட்டும் வேலை அங்கிருந்தே தொடங்குகிறது.

முதலில் பட்டையைப் பாருங்கள். எலாஸ்டிக்கை இழுத்து விட்டால் உடனே பழைய நீளத்துக்குத் திரும்ப வேண்டும். தொய்ந்து நின்றால் மாற்றிவிடுங்கள். வெல்க்ரோவின் கொக்கிப் பக்கத்தில் நூலும் தூசியும் அடைந்திருந்தால் ஊசியால் எடுத்துவிட்டு, பழைய பல் துலக்கியால் தேய்த்துச் சுத்தம் செய்யலாம். வியர்வை உப்பு படிந்த பட்டையைக் கருவியிலிருந்து கழற்றி, வெறும் தண்ணீரில் கையால் அலசி, நிழலில் முழுமையாக உலர்த்துங்கள். மாற்றுப் பட்டையைத் தயாரிப்பாளரிடமே வாங்குவது நல்லது. தேக்கா தையல்கடையில் நீளத்தைக் குறைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் பாரம் தாங்கும் தையலைப் பிரித்து மறுபடி தைக்கச் சொல்லாதீர்கள்.

அடுத்தது இடது கை. முதுகில் சுமக்கும் பாராசூட் பொதிகளில் பெரும்பாலானவற்றில், பிரதான பாராசூட்டை வெளியே இழுக்கும் சிறு பாராசூட்டான பைலட் சூட் (pilot chute) வலப்பக்கம் கீழே இருப்பதால், அதை இழுக்கும் வலக்கையில் எதுவும் இல்லாதிருப்பதே முறை. ஜம்ப்சூட்டின் கைப்பகுதியை மணிக்கட்டு வரை இழுத்து, மடிப்பின்றி நீவிவிட்டு, அதன் மேல் பட்டையைச் சுற்றுங்கள். துணிக்கு அடியில் கட்டினால் முகப்பு மறைந்துபோகும்.

எனக்கு அதிக நேரம் பிடித்தது முகப்பின் திசைதான். புதியவர்கள் பலரும் தடுமாறுவதும் இங்கேதான். நின்றபடி, கைக்கடிகாரம் கட்டுவதைப்போலக் கட்டிக்கொண்டால் தரையில் எல்லாம் சரியாகத் தெரியும். விழும்போதோ வயிறு தரையை நோக்கியிருக்கும், முழங்கைகள் மடங்கி, கைகள் தலைக்கு இருபுறமும் உள்ளங்கை கீழ்நோக்கி நிற்கும். அந்நிலையில் மணிக்கட்டின் மேற்புறத்தில் உள்ள முகப்பு வானத்தைப் பார்த்திருக்கும். அதைப் படிக்கக் கையை உள்ளே இழுக்க வேண்டியிருக்கும். ஒரு கையை மட்டும் இழுத்தால் உடல் திரும்பத் தொடங்கும். மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தில், 1,000 அடியை 5 அல்லது 6 விநாடிகளில் கடந்துகொண்டிருக்கும்போது அந்தத் திருப்பத்தைச் சரிசெய்யச் செலவிடும் நேரம் சிறியதன்று.

ஆகவே வீட்டிலேயே ஒரு பெஞ்சின் மேல் குப்புறப் படுத்து, விழும் நிலைக்குக் கைகளைக் கொண்டுவந்த பின்னரே முகப்பைச் சரிசெய்யுங்கள். அதைப் பெருவிரல் பக்கமாகச் சற்றுச் சரித்து வைத்தால், தலையை இலேசாகத் திருப்பியதும் முகப்பு கண்ணில் படும். வைக்கும் இடமும் முக்கியம்: மணிக்கட்டின் வெளிப்புறத்தில் புடைத்திருக்கும் எலும்பின் மேல் அமர்ந்தால் கருவி ஆடும், அதற்கு ஒரு விரல் அகலம் முழங்கைப் பக்கமாகத் தள்ளினால் தட்டையாக அமரும். சுழலும் கருவியைப் பட்டையை மேலும் இறுக்கித் தடுக்க முயல்வோர் உண்டு. அதனால் விரல் மரத்துப்போவதுதான் மிச்சம். இடம் சரியாக இருந்தால் மிதமான இறுக்கமே போதும்.

பட்டையின் வால் நுனி எங்கும் துருத்தி நிற்கக் கூடாது. நீளமாக இருந்தால் வெட்டுங்கள், அல்லது வளையத்துக்குள் செருகுங்கள். விமானத்தில் பக்கத்தில் இருப்பவரின் தோளில் உரசியே வெல்க்ரோ பிரியக்கூடும். பாராசூட் விரிந்த பிறகு திசைதிருப்பும் கயிறுகளுக்கு அருகே அந்தக் கை செல்லும்போது துருத்தியது எதுவும் மாட்டக்கூடும். கருவியைக் கயிற்றால் உடுப்போடு பிணைக்கும் யோசனையை இதே காரணத்தால் நான் ஏற்பதில்லை.

பிறகு சோதனை. கையை வேகமாக உதறுங்கள்; கருவியைப் பிடித்து இருபுறமும் திருக முயலுங்கள்; இடக்கையால் ரிசர்வ், அதாவது மாற்றுப் பாராசூட்டின், கைப்பிடியைத் தொட்டு வாருங்கள்; உருவகப் பயிற்சியில் இரு கைகளையும் டாகிள்களுக்கு, அதாவது திசைதிருப்பும் கயிறுகளின் பிடிகளுக்கு, உயர்த்துங்கள். காற்றுச் சுரங்கத்தின் பயிற்றுநர் அனுமதித்தால் அங்கேயே கட்டிக்கொண்டு பறந்து பாருங்கள். காற்றுக்குப் பட்டை தாங்குமா என்பது அங்கே தெரியும். அளவீட்டைச் சோதிக்க அது இடமன்று. குதிக்கும் நாளில் தளத்தின் தரையில் முள் பூஜ்யத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு, கட்டியதைப் பயிற்றுநரிடம் காட்டுங்கள்.

எந்தக் கருவி நல்லது என்று கேட்டால், தொடக்க நிலையில் முள் உள்ள கருவியே என் தேர்வு. கேலக்ஸி போன்றவற்றில் முள் நிற்கும் கோணமே உயரத்தைச் சொல்லிவிடும். எண்ணைப் படிக்க வேண்டியதில்லை. விசோ போன்ற எண்முகக் கருவிகள் துல்லியமானவை, எடையும் குறைவு. அவற்றைப் பின்னர் வாங்கலாம்.

பின்சேர்க்கை: கையுறை அணிவோர் சிலர் கேட்டதால் இதைச் சேர்க்கிறேன். கையுறையை முதலில் அணிந்து, அதன் விளிம்பை ஜம்ப்சூட்டின் கைப்பகுதிக்குள் செருகி, கடைசியாக உயரமானியைக் கட்டுங்கள். மாற்றிச் செய்தால் கையுறையை இழுக்கும்போது பட்டையும் நகரும். மணிக்கட்டு மிக மெலிந்தவர்களுக்கு வெல்க்ரோவின் இரு பக்கங்களும் முழுமையாக ஒட்டாமல் போகலாம். அடியில் மெல்லிய நியோப்ரீன் ரப்பர்த் துண்டு வைப்பது பலன் தருகிறது. அப்படியும் வானில் கருவி கழன்றாலோ முகப்பு தெரியாமல் போனாலோ, அதைத் தேடாமல் உடனே பாராசூட்டை விரிக்க வேண்டும். இதையும் கட்டும் பயிற்சியோடு சேர்த்தே ஒத்திகை பாருங்கள்.