உதவித்தொகைக்கு முன் ஆதாரைப் பாருங்கள்

கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் முன், மாணவர்கள் ‘மை ஆதார்’ இணையதளத்தில் ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ பகுதியைத் திறந்து பாருங்கள். ஆதாருடன் எந்த வங்கி இணைந்திருக்கிறது, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்பது அங்கேயே தெரியும்.

ஆதார் வழியாக வரும் பணம், படிவத்தில் எழுதிய கணக்கு எண்ணைப் பார்ப்பதில்லை. ஆதாருடன் கடைசியாக இணைத்த வங்கிக்கே போகும். பள்ளியில் தொடங்கி மறந்துபோன கணக்கு அதுவாக இருந்தால், பணம் அங்கே போகும், அல்லது திரும்பிவிடும். வங்கியில் ‘ஆதார் கொடுத்திருக்கிறேன்’ என்றால் போதாது. அரசுப் பணம் பெறுவதற்கான இணைப்புக்குத் தனியாக ஒப்புதல் கொடுக்க வேண்டும். குலசேகரத்தில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் தந்தையோ குளச்சலில் மீன் விற்கும் தாயோ, இதற்காக ஒரு நாள் கூலியை விட்டு நாகர்கோவிலுக்கு அலைவது கொடுமை. விடுமுறையிலேயே முடித்துவிடுங்கள், தயவுசெய்து.

ஆதாரில் செல்பேசி எண் இல்லையென்றால், அந்த இணையதளத்தில் நுழையத் தேவையான ஓடிபி வராது. முதலில் ஆதார் மையத்தில் எண்ணைச் சேர்க்க வேண்டும். முதல் பட்டதாரி கட்டணச் சலுகைக்கு இந்தச் சரிபார்ப்பு தேவையில்லை. அது கல்லூரிக் கட்டணத்திலேயே கழிக்கப்படும்.