அதே வேகத்துல ஓடியும் ஹார்ட் பீட் ஏறுதா? வெயிங் மெஷின் வச்சு பாத்துருவோம்

வேகத்த கூட்டவே இல்ல, தொடக்கத்துல 140 இருந்த பீட் கடைசியில 155 ஆகுதுன்னா உடனே ஸ்டாமினா இல்லன்னு முடிவு கட்டாதீங்க மக்கா. வேர்க்க வேர்க்க ரத்தத்துல இருக்க தண்ணி குறையும், சூட்ட தணிக்க தோலுக்கும் ரத்தம் போவணும், அப்போ இதயத்துக்கு திரும்பி வார ரத்தம் கம்மி, ஒரு துடிப்புக்கு வெளிய தள்ளுகதும் கம்மி, அத ஈடுகட்டத்தான் துடிப்பு கூடுது. எடையில 1 சதவீதம் வேர்வையா போனா நிமிஷத்துக்கு ஏறக்குறைய 3-ல இருந்து 5 துடிப்பு கூடும்.

ஸ்டெப் 1: ஓடுகதுக்கு முன்ன ஒண்ணுக்கு போயிட்டு, துணி இல்லாம எடை பாருங்க. 100 கிராம் வித்தியாசம் காட்டுக டிஜிட்டல் மெஷின்தான் வேணும், முள்ளு வச்சது இதுக்கு ஆகாது.

ஸ்டெப் 2: ஒரு மணி நேரம் ஒரே வேகம். மருந்துவாழ் மலை ஏறி கணக்கு பாக்காதீங்க, ஏத்தத்துல பீட் எப்படியும் ஏறும். சொத்தவிளை பீச் ரோடு மாதிரி சமதளம் போதும். 15-வது நிமிஷமும் 55-வது நிமிஷமும் பீட்ட குறிச்சுக்கிடுங்க. கை வாட்ச நான் நம்பமாட்டேன், வேர்வையில லூஸாகி சில நேரம் கால் வைக்க எண்ணிக்கையவே பீட்டுன்னு காட்டும். நெஞ்சு பெல்ட் பெஸ்ட், இல்லன்னா நின்ன உடனே கழுத்துல விரல் வச்சு 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்குங்க.

ஸ்டெப் 3: இதுலதான் கணக்கே கெட்டுப்போகும். வேர்வை போனது டிஷர்ட்டுலயும் ஷூவுலயும் அப்படியே இருக்கும், அதோட ஏறி நின்னா எடை குறையவே இல்லாத மாதிரி இருக்கும். எல்லாத்தையும் கழத்திட்டு, தலைமுடி வரைக்கும் தொடச்சிட்டு, தண்ணி குடிக்கதுக்கு முன்னாடி ஏறுங்க.

ஸ்டெப் 4: 70 கிலோ 69 ஆச்சு, நடுவுல அரை லிட்டர் குடிச்சீங்கன்னா வேர்வை 1.5 லிட்டர். எடை 2 சதவீதத்துக்கு மேல, அதாவது 70 கிலோ ஆளுக்கு 1.4 கிலோவுக்கு மேல இறங்காம பாத்தா போதும், போனது முழுசையும் ஓடுகப்பவே குடிக்கணும்னு இல்ல.

இளநீர் போதாதான்னா, அதுல பொட்டாசியம் கூட, சோடியம் கம்மி, வேர்வையில போறது முக்கியமா சோடியம். ரொம்ப வேர்க்கவங்களுக்கு ஒரு லிட்டர்ல கலக்குக ஓஆர்எஸ் பொடிதான் என் சாய்ஸ். அக்கானி (பதநீர்) வீட்டுக்கு வந்த பொறவு!

அப்டேட்: கணக்கா குடிச்சும் பீட் ஏறுதுன்னு கமெண்ட்ல கேட்டிருந்தீங்க. ஏறும், கொஞ்சந்தான் குறையும். நம்ம கடற்கர புழுக்கத்துல வேர்வை காயாது, சூடு இறங்காது, அதுக்கு விடியக்காலம் ஓடுகதுதான் வழி.

இன்னொருத்தருக்கு ஓடி முடிச்சு எடை கூடியிருக்கு. அது தண்ணி அதிகம், ரத்தத்துல சோடியம் இறங்கி ஆபத்தாகும், குடிக்க அளவ உடனே குறைங்க. நெஞ்சு வலி, மயக்கம், துடிப்பு தாறுமாறா போறதுன்னா ஓஆர்எஸ் கலக்கிட்டு இருக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு போங்க. பிரஷருக்கோ இதயத்துக்கோ மாத்திர எடுக்கவங்க டாக்டர்ட்ட கேட்டுட்டு ஸ்டெப் 1-க்கு வாங்க.