வாரக் கூட்டமும் நிதி திரட்டலும்: சேவைச் சங்கங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று நண்பர்களுடன் கூடிப் பேசியபோது, நிதி திரட்டும் எண்ணம் அவர்களில் எவருக்கும் இருக்கவில்லை. வெவ்வேறு தொழில் செய்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்து நம்பிக்கையோடு பழக வேண்டும் என்பதே அவர்களின் விருப்பமாக இருந்தது. அந்தச் சந்திப்பில் பிறந்த ரோட்டரி சங்கம் சிகாகோவில் பொதுக் கழிப்பறை அமைக்க முயன்றது அதற்குப் பின்னர்தான். ரோட்டரி அறக்கட்டளைக்கான யோசனை 1917-இல்தான் முன்வைக்கப்பட்டது. அதற்குக் கிடைத்த முதல் நன்கொடை கான்சஸ் சிட்டி சங்கம் கொடுத்த 26 டாலர் 50 சென்ட். முதலில் நட்பு, பிறகு சேவை, அதற்கும் பிறகு நிதி என்பதே வரலாற்று வரிசை. நம் ஊர்ச் சங்கங்களில் நேரும் பெரும்பாலான தவறுகளைத் தேடிப் பார்த்தால், இந்த வரிசையை நாம் தலைகீழாக்கியதில்தான் போய் நிற்கிறது. ரோட்டரி, லயன்ஸ் போன்ற உலகளாவிய அமைப்புகளின் கிளைகளுக்கும், எந்த அமைப்போடும் இணையாத உள்ளூர் நற்பணி மன்றங்களுக்கும் இது ஒருங்கே பொருந்தும்.

கூட்டத்தில் தொடங்கும் தவறுகள்

அழைப்பில் இரவு 7.30 என்று போட்டுவிட்டு, 8.15-க்குத் தலைவர் மணியடித்துத் தொடங்குவது பல சங்கங்களில் வழக்கமாகவே ஆகிவிட்டது. நேரத்துக்கு வந்தவர்களைக் காக்க வைத்து, தாமதமாக வருபவர்களுக்கு மரியாதை செய்யும் இந்தப் பழக்கம் மூன்று மாதம் நீடித்தால், நேரத்துக்கு வந்துகொண்டிருந்தவர்களும் 8.15-க்கே வரத் தொடங்குவார்கள். இறைவணக்கம், நான்கு வழிச் சோதனை (சொல்வதையும் செய்வதையும் உரைத்துப் பார்க்கும் ரோட்டரியின் நான்கு கேள்விகள்), செயலாளர் அறிக்கை என்று ஒவ்வொன்றாகப் போகும்போது, பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல ஒருவர், திருமண நாள் வாழ்த்துச் சொல்ல ஒருவர், விருந்தினரை அறிமுகம் செய்ய ஒருவர், நன்றி கூற ஒருவர் என நால்வர் மேடையேறுகிறார்கள். ஒவ்வொருவரும் மேடையில் வீற்றிருக்கும் ஐந்து பேரின் பெயரையும் இன்றைய பதவியையும் முன்னாள் பதவியையும் முழுமையாகச் சொல்லி முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வருகிறார்கள். அதற்குள் மறுநாள் பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகளோடு வந்த குடும்பங்கள் கடைசி வரிசையிலிருந்து ஓசையின்றி எழுந்து சாப்பாட்டு மேசைப் பக்கம் போய்விடுகின்றன. சிறப்பு விருந்தினராக வந்த மருத்துவரோ வேளாண் அலுவலரோ பேச எழும்போது, இருபது நிமிடம் என்று ஒப்புக்கொண்ட பேச்சைப் பத்து நிமிடத்தில் முடிக்கும்படி அவரிடம் சீட்டு நீட்டப்படுகிறது. கேட்க வேண்டியதைக் கேட்காமல், கேட்டுச் சலித்ததையே மீண்டும் கேட்டுவிட்டு வீடு திரும்புகிறவர் அடுத்த வாரம் வருவதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

இதற்குச் செலவில்லாத தீர்வு உண்டு. மேடை வணக்கத்தைத் தலைவர் ஒருவர் மட்டும் ஒரே முறை சொல்லலாம். பொன்னாடையையும் நினைவுப் பரிசையும் வெளியிலிருந்து வரும் பேச்சாளருக்கு மட்டும் என்று வரையறுக்கலாம். வாரந்தோறும் நமக்கு நாமே போர்த்திக்கொள்ளும் சால்வைகளின் ஓராண்டுச் செலவைப் பொருளாளர் ஒருமுறை கூட்டிச் சொன்னால், இந்த வழக்கம் தானாகவே நின்றுவிடும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

கூட்டங்களின் எண்ணிக்கையிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. 2016-இல் ரோட்டரியின் விதிகளை வகுக்கும் அதன் சட்டக் குழு, வாரக் கூட்ட விதியைத் தளர்த்தி, மாதத்துக்கு இரண்டு கூட்டமாவது நடந்தால் போதும் என்று சங்கங்களுக்கு உரிமை கொடுத்தது. சில சங்கங்கள் இதைப் பயன்படுத்தி எண்ணிக்கையை மட்டும் குறைத்தன; நீண்ட கூட்டம் நீண்ட கூட்டமாகவே தொடர்ந்தது, நட்புக்கான சந்தர்ப்பம் பாதியானது. நான்கு வாரத்தில் ஒன்றை உரைக்கும், ஒன்றைக் குடும்ப விருந்துக்கும், ஒன்றைச் சங்கம் உதவி செய்த பள்ளியையோ முகாமையோ நேரில் சென்று பார்ப்பதற்கும் ஒதுக்கிய சங்கங்களில் வருகை குறைவதில்லை. வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துப் பரிமாறிக்கொள்வதைக் கூட்டத்துக்கு ஈடாகக் கருதத் தொடங்கிய சங்கங்களில்தான், ஒரே ஊரில் இருந்தும் உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் அந்நியர்களாகிறார்கள்.

புதிய உறுப்பினர் விஷயத்தில் நேரும் தவறு இதைவிட வருத்தம் தருவது. பதவியேற்பு விழாவில் சட்டையில் சங்கச் சின்னம் குத்தி, கைதட்டி, படம் எடுத்து வரவேற்கப்பட்ட ஒருவர் இரண்டாவது வாரம் வரும்போது, பழைய நண்பர்கள் வழக்கம்போல் தங்கள் மேசையில் சேர்ந்து அமர்ந்துகொள்ள, அவர் தட்டை ஏந்திக்கொண்டு எங்கே உட்காருவதென்று தெரியாமல் நிற்கிறார். அவரை அறிமுகம் செய்து அழைத்து வந்தவருக்கு, முதல் சில மாதங்களாவது அவருடன் அமர்ந்து மற்றவர்களோடு பழக வைக்கும் கடமை உண்டு. முதல் மாதத்திலேயே அவருக்கு ஒரு சிறு பொறுப்பைக் கொடுத்துவிட வேண்டும். வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்கும் வேலையாக இருந்தால்கூடப் போதும், நான்கு வாரத்தில் எல்லோருடைய பெயரும் அவருக்குத் தெரிந்துவிடும். பெண் உறுப்பினர்களை உணவு ஏற்பாட்டுக்கும் கோலத்துக்கும் மட்டும் அழைப்பதும் இதே வகைத் தவறுதான். லயன்ஸ் 1987-இலும் ரோட்டரி 1989-இலும் பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டன. பொருளாளர் நாற்காலி இன்னும் அவர்களுக்குத் திறக்காத சங்கங்கள் அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியாக வேண்டும்.

இன்னொன்றையும் மென்று விழுங்காமல் சொல்ல வேண்டும். சங்கத்தில் கிடைத்த அறிமுகத்தைக் கொண்டு காப்பீடு விற்பது, மனை விற்பது, சீட்டுப் பிடிப்பது, கைமாற்று வாங்குவது ஆகியவற்றால் உடைந்த சங்கங்கள் ஊருக்கு ஊர் உண்டு. உறுப்பினர்கள் தங்களுக்குள் தொழில் செய்வது தவறில்லை. கூட்டம் நடக்கும் இடத்தில், கூட்டம் நடக்கும் நேரத்தில் அது வேண்டாம் என்றும், சங்கத்தின் பெயரைப் பிணையாகப் பயன்படுத்தக் கூடாது என்றும் ஆண்டுத் தொடக்கத்திலேயே தலைவர் சொல்லிவிடுவது நல்லது.

வாரக் கூட்டம் வசூல் நாளாகும்போது

மகிழ்ச்சியான செய்தியைச் சொல்லி உண்டியலில் சிறு தொகை போடும் ‘ஹேப்பி டாலர்’ வழக்கமும், லயன்ஸ் கூட்டத்தைக் கலகலப்பாக வைக்கும் பொறுப்பாளரான ‘டெயில் ட்விஸ்டர்’ விளையாட்டாக விதிக்கும் அபராதமும் சிரிப்புக்காக ஏற்பட்டவை. தொகை சிறியதாகவும் எல்லோருக்கும் ஒன்றாகவும் இருக்கும் வரை அவை நட்பை வளர்க்கின்றன. ‘இந்த மாதம் யார் யார் எவ்வளவு’ என்று மைக்கில் பட்டியல் வாசிக்கத் தொடங்கியதும் அவற்றின் தன்மை மாறிவிடுகிறது. ரோட்டரி அறக்கட்டளைக்கு 1,000 டாலர் அளித்தவருக்கு ‘பால் ஹாரிஸ் ஃபெலோ’ என்ற அங்கீகாரம் கிடைக்கிறது, அது மதிப்புக்குரியது. ஆனால் அதைப் பெற்றவர்களை எழுந்து நிற்கச் சொல்லி, பிறகு பெறாதவர்களைப் பார்த்து ‘நீங்கள் எப்போது?’ என்று மேடையிலிருந்து கேட்பது பெரும் பிழை. ஆலை அதிபருக்கும் மளிகைக் கடைக்காரருக்கும் அரசுப் பள்ளி ஆசிரியருக்கும் ஒரே மேசையில் இடம் தருவதாகச் சொல்லித்தான் அவர்களைச் சங்கத்தில் சேர்த்தோம். பணம் கேட்க வேண்டுமானால், பொறுப்பாளர் இருவர் வீட்டுக்குச் சென்று தனியாகக் கேட்கட்டும். அங்கே ‘இந்த ஆண்டு இயலாது’ என்று சொல்ல அந்த மனிதருக்கு வழியிருக்கிறது, அடுத்த வாரம் கூட்டத்துக்கு வர முகமும் இருக்கிறது.

தேவையைக் கேட்காமல் தொகையை நிர்ணயிப்பது

‘இந்த ஆண்டு பத்து லட்சம் திரட்டுவோம்’ என்று அறிவித்துவிட்டு, திரட்டிய பிறகு எதற்குச் செலவிடுவது என்று யோசிப்பது மிகப் பரவலான தவறு. இப்படித் தொடங்கினால், படமெடுக்க வசதியான திட்டமே தேர்வாகும். அரசுப் பள்ளியொன்றுக்குக் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் வழங்கப்படுகிறது. திறப்பு விழா நடக்கிறது. சங்கத்தின் சின்னம் பொறித்த பலகை சுவரில் ஏறுகிறது. வடிகட்டியை மாற்றவும் பழுது பார்க்கவும் யார் பணம் கொடுப்பது என்று எவரும் எழுதி வைக்காததால், ஓராண்டு கழித்துப் பலகை பளபளப்பாக இருக்கிறது, பிள்ளைகள் பழையபடி வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். டயாலிசிஸ் இயந்திரம் வாங்கித் தரும் சங்கங்களும் சுத்திகரித்த நீர், பயிற்சி பெற்ற பணியாளர், ஒவ்வொரு முறையும் தேவைப்படும் பொருட்கள் ஆகியவற்றின் தொடர் செலவை முதலிலேயே கணக்கிட வேண்டும். மருத்துவமனையின் தலைமை மருத்துவரிடமோ பள்ளித் தலைமையாசிரியரிடமோ அரைமணி நேரம் பேசிவிட்டுத் தொகையை நிர்ணயித்தால், இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல முன்மாதிரி கண் சிகிச்சை முகாம்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற நிறுவனங்களின் முகாம்களில், இடம் பிடிப்பது, ஊர் ஊராக விளம்பரம் செய்வது, தன்னார்வலர்களைத் திரட்டுவது ஆகியவற்றை உள்ளூர்ச் சங்கங்கள் ஏற்கின்றன. பரிசோதனையையும் அறுவைச் சிகிச்சையையும் மருத்துவமனை பார்த்துக்கொள்கிறது. பணத்தைவிட ஆள்பலமே அங்கே சங்கத்தின் பங்களிப்பு, ஆள்பலமோ வாரக் கூட்டத்து நட்பிலிருந்து வருவது.

நட்சத்திர இரவுகளின் கணக்கு

மெல்லிசைக் கச்சேரி நடத்தி நன்கொடைச் சீட்டு விற்கும் சங்கம் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். சீட்டு விற்பனையிலும் விழா மலர் விளம்பரத்திலும் 4,00,000 ரூபாய் சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். அரங்கத்துக்கு 70,000, இசைக் குழுவுக்கு 1,20,000, ஒலி ஒளிக்கு 40,000, விருந்துக்கு 90,000, அழைப்பிதழ், பதாகை, நினைவுப் பரிசு ஆகியவற்றுக்கு 30,000 என்று போனால், சேவைக்கு மிஞ்சுவது 50,000 ரூபாய். ஆயிரம் ரூபாய்ச் சீட்டு வாங்கியவரின் பணத்தில் 125 ரூபாய் மட்டுமே ஏழை மாணவரைச் சென்றடைகிறது. நாற்பது உறுப்பினர்கள் தலைக்கு ஐந்து பேரிடம் ஆயிரம் ரூபாய் கேட்டிருந்தால் கச்சேரியே இல்லாமல் 2,00,000 ரூபாய் சேர்ந்திருக்கும். கச்சேரி வேண்டாம் என்பதல்ல என் வாதம். ஊர் கூடி மகிழ்வதும் சங்கத்தின் வேலைதான். செலவு முழுவதையும் ஏற்கும் புரவலர்களை உறுதி செய்த பின்னர் சீட்டு அச்சிடுங்கள் என்பதே வேண்டுகோள். ‘வசூலாகும் தொகை முழுவதும் ஏழை மாணவர் கல்விக்கு’ என்று அழைப்பிதழில் அச்சிடும்போது, வாரந்தோறும் நாம் வாசிக்கும் நான்கு வழிச் சோதனையின் முதல் கேள்வியான ‘இது உண்மையா?’ என்பதை அந்த வாசகத்தின் மேல் பொருத்திப் பார்க்க வேண்டும்.

பத்துச் சீட்டுக் கொண்ட கட்டை ஒவ்வொரு உறுப்பினர் தலையிலும் கட்டிவிட்டு, விற்காதவற்றுக்கு அவரே பணம் கட்ட வேண்டும் என்பதும் நீடிக்கக் கூடாத வழக்கம். விற்ற சீட்டின் அடிக்கட்டையும் விற்காத சீட்டும் நிகழ்ச்சி நாளுக்கு முன்பே பொருளாளரிடம் திரும்பி வந்தாக வேண்டும். சீட்டு எண்ணைக் குலுக்கிக் காரோ தங்க நாணயமோ பரிசளிக்கும் யோசனை எந்தக் குழுவிலும் எழும். 2003 முதல் லாட்டரிச் சீட்டு தடை செய்யப்பட்ட மாநிலம் இது. வழக்கறிஞரைக் கேட்காமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இரண்டு பணப்பெட்டிகள்

உறுப்பினர் சந்தா, விருந்துச் செலவு, அமைப்பின் மாவட்ட நிர்வாகத்துக்குச் செலுத்தும் கட்டணம் ஆகியவை ஒரு கணக்கு; பொதுமக்களிடம் பெற்றது இன்னொரு கணக்கு. லயன்ஸ் அமைப்பு இவ்விரண்டையும் நிர்வாக நிதி, சேவை நிதி என்று பிரித்து, பொதுமக்கள் கொடுத்த பணம் பொதுமக்களுக்கே போக வேண்டும் என்று வலியுறுத்துகிறது. ‘அடுத்த வாரம் திருப்பி வைத்துவிடலாம்’ என்று சேவை நிதியிலிருந்து ஒரு வார விருந்துக்குப் பணம் எடுப்பது, திருப்பி வைத்தாலும் தவறுதான். ஊரில் ஒருவர் சங்கத்தைப் பற்றி ‘நம்ம காசில் சாப்பிடுகிறார்கள்’ என்று சொல்லிவிட்டால், அதை மறுப்பதற்குக் கையில் தெளிவான கணக்குப் புத்தகம் ஒன்றைத் தவிர வேறெதுவும் உதவாது.

நன்கொடை கொடுத்தவருக்கு வருமான வரியில் கிடைக்கும் 80ஜி சலுகையில் நடக்கும் குளறுபடிகள் நன்கொடையாளரை நிரந்தரமாக விலக்கிவிடும். பல இடங்களில் சலுகைக்கான பதிவு சங்கத்தின் பெயரில் இருக்காது, சங்கம் அமைத்த அறக்கட்டளையின் பெயரில்தான் இருக்கும். பணத்தைச் சங்கக் கணக்கில் வாங்கிவிட்டு அறக்கட்டளை ரசீதைக் கொடுக்க முடியாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்குச் சலுகை இல்லை என்பதைப் பணம் வாங்கும்போதே சொல்ல வேண்டும். நன்கொடையாளரின் பான் எண்ணை அன்றே குறித்துக்கொள்ளாவிட்டால், நிதியாண்டு முடிந்ததும் நன்கொடை விவரங்களை வரித்துறைக்குத் தெரிவிக்கும் 10பிடி படிவத்தில் அவரைச் சேர்க்க இயலாமல் போகும். அப்படியானால் சலுகை கோரத் தேவையான 10பிஇ சான்றிதழ் அவருக்குக் கிடைக்காது. அந்தப் படிவத்துக்குக் கடைசி நாள் மே 31. தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 200 ரூபாய் கட்டணம். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டத்தின்படி பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுவதால், பழைய ரசீதுப் புத்தகத்தை அப்படியே மறு அச்சுக்குக் கொடுத்துவிடாமல் தணிக்கையாளரிடம் காட்டிவிட்டு அச்சிடுவது அவசியம். விருந்தும் கச்சேரியும் பெற்றுக்கொண்டு வாங்கிய சீட்டுக்கு நன்கொடை ரசீது கொடுக்கலாமா என்பதையும் அவரிடமே கேட்டுவிடலாம்.

வெளிநாட்டு உறவுகள் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஒருவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ சம்பாதித்த தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்ட அதே ஊர்க்காரர் விடுமுறையில் வந்து ரூபாயாகவே கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் அதைத் தொடக் கூடாது. பதிவு உள்ளவர்களும் புது தில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் இதற்கென்றே தொடங்கிய கணக்கில்தான் பெற முடியும். அன்போடு நீட்டப்படும் உறையை மறுப்பது சங்கடமாக இருக்கும். ஆனாலும் மறுத்தே ஆக வேண்டும்.

கடைசியாக, இரண்டு ஆண்டுகளின் இடையே விழும் பள்ளம். ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களின் ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது, அரசின் நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. படிவம் தாக்கல் செய்ய வேண்டிய மே மாதத்தில், பதவி முடியப்போகும் பொருளாளரின் கவனம் வழியனுப்பு விழாவில் இருக்கிறது. புதியவர் இன்னும் பொறுப்பேற்கவில்லை. பள்ளிகள் திறந்து நோட்டுப் புத்தகமும் கட்டணமும் தேவைப்படும் ஜூன் மாதமோ சங்கத்தின் கடைசி மாதம். கணக்கை முடிக்க வேண்டும் என்று செலவை நிறுத்தி வைக்கிறார்கள். வரவிருக்கும் பொருளாளரை ஏப்ரல் மாதமே பழையவரோடு உட்கார வைத்து, வங்கிக் கையெழுத்து மாற்றம், வரித்துறை இணையதளக் கடவுச்சொல், ரசீதுப் புத்தகங்களின் வரிசை எண், முந்தைய ஆண்டுகளில் கொடுத்த வாக்குறுதிகளின் பட்டியல் ஆகியவற்றை எழுத்தில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். மூன்றாண்டுக் கல்லூரிக் கட்டணத்தை ஏற்பதாக ஒரு தலைவர் ஒரு மாணவிக்கு வாக்களித்திருந்தால், அடுத்த இரண்டு தலைவர்களும் பதவியேற்கும் முன் அந்த மாணவியின் பெயரையும், கட்ட வேண்டிய தொகையையும், கல்லூரி குறித்த கடைசித் தேதியையும் அறிந்திருக்க வேண்டும்.