தலைக்கனக்காரர் கதை சொன்னால்

கதாநாயகனுக்குத் திமிர் இருக்க வேண்டும், ஆனாலும் வாசகனுக்கு அவனைப் பிடிக்க வேண்டும். அவன் வாயாலேயே கதை சொல்ல வைக்கும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள்.

முதல் சறுக்கல், திமிரை அறிவிப்பது. ஒரு கல்யாணச் சமையல்காரர் கதை சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "என் கைப்பக்குவம் இந்த ஜில்லாவில் எவனுக்கும் வராது" என்று ஆரம்பித்தால் புத்தகத்தை மூடத் தோன்றும். இப்படி எழுதிப் பாருங்கள்: "மண்டப வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிட்டது, பெருங்காயத்தைக் கருக விட்டிருக்கிறார்கள். அடுப்பைச் சுற்றி ஆறு பேர். ஒருத்தனுக்கும் மூக்கு இல்லை."

தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, திமிர் முழுசாக இருக்கிறது. ஆள் தொழில் தெரிந்தவர் என்பதும் கூடவே வந்துவிட்டது. அந்தத் திறமை கண்ணெதிரே தெரியாவிட்டால் மிஞ்சுவது வாய்ச்சவடால்தான்.

அப்புறம், சுற்றியிருப்பவர்களை மடையர்களாக்குவது. இது சோம்பேறித்தனம். அந்த ஆறு பேரில் ஒரு பையனாவது பதிலுக்குப் போட வேண்டும்: "அண்ணே, போன முகூர்த்தத்துல பாயசத்துல உப்பைக் கொட்டினது யாரு?" அவர் காதில் விழாத மாதிரி கரண்டியைத் தேடட்டும். அவர் மறைப்பது வாசகனுக்குத் தெரிந்துவிடுகிறது, பிடித்தும் போகிறது.

தலைக்கனத்துக்குப் பக்கத்தில் ஆள் தேவை என்பது ஷெர்லாக் ஹோம்ஸுக்கே தெரிந்திருந்தது. கோனன் டாயில் எழுதிய 56 ஹோம்ஸ் சிறுகதைகளில் ஹோம்ஸே எழுதுவதாக அமைந்தவை இரண்டுதான், இரண்டும் 1926இல் வந்தவை. வழக்கமாகத் தன் கதைகளை எழுதும் நண்பர் வாட்சனின் எழுத்தைக் குறை சொல்லிவந்த மனிதர், தானே பேனாவைப் பிடித்ததும் 'வாட்சன் இல்லையே' என்று ஏங்குகிறார்.

யாரைச் சீண்டுகிறார் என்பதையும் கவனியுங்கள். மண்டப மேனேஜரைச் சீண்டலாம், மாப்பிள்ளையின் பணக்கார மாமாவைச் சீண்டலாம். பாத்திரம் கழுவும் அம்மாவை ஒரு வார்த்தை சொன்னால் போச்சு, அதற்குமேல் எந்த நகைச்சுவையும் அவரைக் காப்பாற்றாது.

சின்ன வயதில் பட்டினி என்று மூன்றாம் பக்கத்திலேயே ஃபிளாஷ்பேக் வைத்துச் சமாதானம் சொல்வது எனக்குப் பிடிக்காத வேலை. கடைசியில் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்க வைப்பது அதைவிட மோசம். கருகிய தாளிப்பைச் சத்தமில்லாமல் கொட்டிவிட்டுப் புதிதாகத் தாளிக்கட்டும். பந்தியில் யாராவது சாம்பாரைப் புகழ்ந்தால், "பையன் வைத்தது" என்று கைகாட்டட்டும். "உப்பு கம்மி" என்று முணுமுணுத்துக்கொண்டே போனால் இன்னும் நல்லது.